லாட்டரியைத் தேடி லிவர்பூலுக்கு

பிப்ரவரி 24, செவ்வாய்: லிவர்பூல்

அண்ணன் மகள் இங்கே எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உள்ளுக்குள் இருந்த காரணம் ஒரு குதிரை. பெயர் லாட்டரி. 1839 பிப்ரவரி 26 அன்று இந்த ஊரின் வடக்கு ஓரத்தில் எய்ன்ட்ரீ என்ற இடத்தில் நடந்த தடைதாண்டும் பந்தயத்தில் ஜெயித்த குதிரை. இன்று ‘கிராண்ட் நேஷனல்’ என்று உலகமே டிவியில் பார்க்கும் பந்தயத்தின் வெற்றிப் பட்டியலில் முதல் பெயர் அதுதான்.

ஏப்ரலில் வந்தால் பந்தயத்தையே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் அந்த வாரத்து ரூம் வாடகையை என்னால் கட்ட முடியாது. அதைவிட, முதல் பந்தயம் நடந்தது இந்தப் பிப்ரவரிக் குளிரில்தான். அதே நாளில் அந்த மண்ணை மிதித்துப் பார்க்க ஆசை.

“ரேஸ் நடக்காத நாள்ல ரேஸ் கோர்ஸ் பார்க்க வர்ற ஒரே ஆள் நீங்கதான் சித்தப்பா” என்றாள் அண்ணன் மகள். ஸ்டேஷன் வாசலில் காற்று என் குடையைத் திருப்பிப் போட்டு இரண்டு கம்பியை ஒடித்திருந்தது. அதைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர், “இந்த ஊர்ல குடை எடுத்தா அப்படித்தான், லவ்” என்று சொல்லி, தன் கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். இங்கே கடைக்காரர், பஸ் டிரைவர் எல்லோரும் எல்லோரையும் ‘லவ்’ என்றே கூப்பிடுகிறார்கள். ஐம்பது தாண்டிய எனக்கு முதல் இரண்டு தடவை கூச்சமாக இருந்தது.

மத்தியானம் ஸ்கவுஸ். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாவற்றையும் குழையக் குழைய வேகவைத்த குழம்பு. இந்த ஊர்க்காரர்களுக்கே அந்தச் சாப்பாட்டின் பெயர்தான். தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய பீட்ரூட், தடியாக வெட்டிய ரொட்டி. ஒன்பது பவுண்ட். அண்ணன் மகள் சைவம், அவளுக்குக் கறி போடாத ஸ்கவுஸ். அதற்குக் ‘குருட்டு ஸ்கவுஸ்’ என்று பெயராம். காரம் துளிகூட இல்லை. நான் மிளகு கேட்டேன். அந்தப் பையன் மிளகு மில்லைக் கொண்டுவந்து, நான் சுற்றுகிற சுற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

சாப்பிட்டதும் ரானலா தெருவுக்கு நடந்தோம். இன்று பெரிய கடைகளும் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலுமாக இருக்கிற தெரு. இங்கேதான் வில்லியம் லின் என்பவர் வாட்டர்லூ ஹோட்டல் நடத்தினார். ஓட்டல்காரர்தான் இந்தப் பந்தயத்துக்கு வித்திட்டவர். செஃப்டன் பிரபுவிடம் எய்ன்ட்ரீ நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து 1829 ஜூலையில் தட்டைப் பந்தயம், அதாவது தடைகள் இல்லாத குதிரை ஓட்டம், தொடங்கினார். 1836இல் தடைதாண்டும் பந்தயம். குளிர்காலத்தில் ஊருக்கு ஆள் வந்தால் அறைகள் நிரம்பும், சாராயம் விற்கும். அந்தக் கணக்கில் நான் தப்பு பார்க்கவில்லை. நம் ஊர்த் தேர்த் திருவிழாவிலும் தெருவோரக் கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு இருக்கத்தானே செய்கிறது.

லின்னின் கணக்கைப் பெரிதாக்கியது ரயில். லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை 1830இல் வந்துவிட்டது. 1837இல் பர்மிங்ஹாமோடு இணைப்பு. 1838 செப்டம்பரில் பர்மிங்ஹாமிலிருந்து லண்டன் வரை முழுப் பாதையும் திறந்தது. அதாவது அந்தப் பந்தயத்துக்கு ஐந்தே மாதம் முன்னால்தான் லண்டன்காரன் ரயிலிலேயே லிவர்பூல் வர முடிந்தது. 1839 பந்தயம் முந்தைய மூன்று வருடப் பந்தயங்களைப் போல உள்ளூர்க் கூத்தாக முடியாமல் தேசமே பேசும் செய்தியானதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் ஓட்டல்களில் ஒரே கட்டிலில் பல பேர் படுத்தார்களாம்.

என் அறையில் கட்டில் எனக்கு மட்டும்தான். ஹீட்டர்தான் வேலை செய்யவில்லை.

பிப்ரவரி 25, புதன்: நூலகம்

ராத்திரி முழுக்க ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, அதன் மேல் போர்வை. காலையில் விடுதிக்காரரிடம் சொன்னேன். மிகவும் வருத்தப்பட்டார். ஹீட்டர் வரவில்லை.

வெளியே மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று படுக்கைவாட்டில் அடித்துக்கொண்டிருந்ததால், நாள் முழுவதும் சென்ட்ரல் லைப்ரரியிலேயே கழிந்தது. கதகதப்பு, சுத்தமான கழிவறை, கேள்வி கேட்க ஆளில்லை, காசும் இல்லை. 1879இல் கட்டிய பிக்டன் வாசகசாலை அப்படியே வட்ட வடிவம். சுவர் முழுக்கப் புத்தகம், மேலே குவிமாடம். இருமினால் எதிர்ச் சுவரிலிருந்து நம் இருமல் நமக்கே திரும்பி வருகிறது.

ஆவணப் பிரிவில் பழைய செய்தித்தாள் மைக்ரோஃபிலிம் கேட்டேன். எதற்கு என்று அந்த உதவியாளர் கேட்கவில்லை. சுருளை மாட்டி, கைப்பிடியைச் சுற்றிக் காட்டி, “மெதுவா சுத்துங்க, வேகமா போனா தலை சுத்தும்” என்றார். சுற்றியது. எழுத்து கடுகளவு. ஓரங்களில் மை கசிந்து ‘எஸ்’ எல்லாம் ‘எஃப்’ போல இருக்கிறது. பத்தி பத்தியாகக் கப்பல் வந்த செய்தி, பஞ்சு விலை, சர்க்கரை விலை. அவற்றின் நடுவில்தான் குதிரை.

அந்தச் சுருளோடு நான் கொண்டுபோயிருந்த குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்ததில் பந்தய விதிகள் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயின. ஒரு குதிரைக்கு நுழைவுப் பணம் 20 சாவரின் (ஒரு பவுண்ட் தங்கக் காசு). விலகினால் 5 சாவரின் போச்சு. அதற்கு மேல் 100 சாவரின் பரிசில் சேர்க்கப்படும். எல்லாக் குதிரைக்கும் ஒரே சுமை, 12 ஸ்டோன், நம் கணக்கில் 76 கிலோ. ஏறுகிறவர் ‘கனவான்’ ஆக இருக்க வேண்டும். (யார் கனவான் என்பதில் பெரிய கண்டிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. காசு வாங்கி ஓட்டுகிறவர்களும் ஓட்டினார்கள்.) இன்னொன்று: வழியில் எந்த வேலிக்கதவையும் திறக்கக் கூடாது, வாசல் வழியாகப் போகக் கூடாது, எந்தச் சாலையிலோ ஒற்றையடிப் பாதையிலோ 100 கஜத்துக்கு மேல் ஓடக் கூடாது. இந்த ஒரு விதியே அன்றைய பந்தயத்தைக் கண்முன் கொண்டுவருகிறது. புல்வெளியும் வெள்ளைக் கம்பியும் இல்லை. வழியெல்லாம் யாரோ ஒருவருடைய உழுத வயல்.

லிவர்பூல் மெர்க்குரி என்ற பத்திரிகை பந்தயம் முடிந்ததும் என்ன எழுதியது தெரியுமா? பார்க்கப் பரபரப்பாக இருந்தது உண்மைதான், அதற்காகச் சேவல் சண்டையையும் காளை வதையையும் ஏற்றுக்கொள்ளாத நாங்கள் இதை மட்டும் எப்படி ஏற்பது என்று கண்டித்தது. 1839லேயே! விலங்குவதை எதிர்ப்பு நேற்று முளைத்தது என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சாயங்காலம் அண்ணன் மகள் ஒரு சீனக் கடைக்குக் கூட்டிப் போனாள். ‘சால்ட் அண்ட் பெப்பர் சிப்ஸ்’. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். பொரித்த உருளைக்கிழங்கை வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாய், ஐந்து மசாலாப் பொடி போட்டு வாணலியில் புரட்டித் தருகிறார்கள். லிவர்பூல் சீனர்களின் கைவண்ணம். ஐரோப்பாவின் மிகப் பழைய சீனக் குடியிருப்புகளில் ஒன்று இந்த ஊர். ஐந்து பவுண்ட் பெட்டியை இரண்டு பேர் முடிக்கத் திணறினோம். இங்கிலாந்தில் நாக்கு உயிர்த்தெழுந்தது இந்தக் கடையில்தான்.

பிப்ரவரி 26, வியாழன்: எய்ன்ட்ரீ

காலையில் ரயில் இல்லை. தண்டவாளத்தில் ஏதோ கோளாறு, பதிலுக்குப் பஸ் என்றார்கள். அந்தப் பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் குளிரில் நின்றோம். வரிசையில் ஒருவர்கூட முண்டவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. பஸ் வந்ததும் முதலில் நின்ற ஒரு தாத்தா பின்னால் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணை முன்னே விட்டார். இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். பஸ் தாமதமானதற்கும் சேர்த்துத்தான் நன்றி போல.

பந்தய மைதானத்தின் பெரிய கேட் மூடியிருந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் மெல்லிங் ரோடு எனக்குப் போதும். இது பொதுச் சாலை. ஓடுபாதை இதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பந்தயத்தன்று குதிரைகள் தார் ரோட்டைத் தாண்டித்தான் வெளி வயலுக்குள் நுழையும். மற்ற நாட்களில் லாரியும் காரும் போகும். நான் நடுவில் நின்று போட்டோ எடுத்ததற்கு ஒரு வேன்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அண்ணன் மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

இங்கிருந்து பார்த்தால் முதல் வேலிகள் தெரிகின்றன. பந்தயத்துக்கு முன்னால் லேக் டிஸ்ட்ரிக்டிலிருந்து ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளைக் கொண்டுவந்து மேலே செருகுவார்கள், அப்போதுதான் டிவியில் காணும் அந்தப் பச்சை. இப்போது பழுப்பேறிக் கிடந்தன.

1839இல் இந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பகல் ஒரு மணிக்கு என்று சொல்லி மூன்று மணி வரை இழுத்த ஒரு கிளம்பல். 17 குதிரைகள். நாலு மைல், இரண்டு சுற்று. பெரும்பாலான தடைகள் முள்செடி நட்ட தாழ்வான வரப்புகள்தான், நம் ஆட்டுக்குட்டி தாண்டும். ஆனால் இரண்டு ஓடைகள். முன்னால் மரத்தடுப்பு, அதைத் தாண்டி வாய்க்கால், அக்கரை தாழ்ந்திருக்கும். பார்வையாளர் மேடைக்கு எதிரே ஐந்தடி உயரத்துக்கு ஒரு கல்சுவர். குதிரை கல்லில் இடித்தால் கல் நகராது.

முதல் ஓடைக்கு முன்னணியில் வந்தது கான்ராட் என்ற குதிரை. மேலே கேப்டன் மார்ட்டின் பெச்சர். கான்ராட் தடுப்பில் இடித்தது, பெச்சர் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தார். பின்னால் வந்த குதிரைகள் எல்லாம் தலைக்கு மேல் தாண்டிப் போகும்வரை ஓடைக்குள்ளேயே பதுங்கிக் கிடந்து, பிறகு எழுந்து, குதிரையைப் பிடித்து மறுபடி ஏறி, அடுத்த ஓடையில் மறுபடி விழுந்தார். பிராந்தி கலக்காத தண்ணீர் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரியாது என்று பெச்சர் சொன்னதாக ஒரு கதை. சொன்னாரோ இல்லையோ, இன்றைக்கும் அந்த இடம் ‘பெச்சர்ஸ் புரூக்’தான். அதன் பிறகு இந்தப் பந்தயத்தில் அவர் ஓட்டவே இல்லை.

அன்று நடந்த கூத்து அதோடு போகவில்லை. ரஸ்ட் என்ற அயர்லாந்துக் குதிரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, அது ஜெயித்தால் பணம் போய்விடும் என்றிருந்த கும்பல் ஒரு சந்துக்குள் அதை மடக்கி, மற்றவை தூரம் போகும்வரை வெளியே விடவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். டிக்டேட்டர் என்ற குதிரை விழுந்து, மறுபடி ஏற்றப்பட்டு, அடுத்த தடையில் செத்தது. மெர்க்குரி கோபப்பட்டதில் என்ன வியப்பு.

இவ்வளவுக்கும் நடுவில் லாட்டரி ஓடிய ஓட்டத்தில் சொல்வதற்கு அசம்பாவிதம் எதுவுமே இல்லை. விழவில்லை, தயங்கவில்லை. சுவரைத் தாண்டியது, ஓடைகளைத் தாண்டியது. 14 நிமிடம் 53 வினாடியில் வந்து நின்றது. இரண்டாவதாக வந்த செவன்டி ஃபோருக்கு மூன்று குதிரை நீளம் முன்னால். பாலினா மூன்றாவது. ஓட்டியவர் ஜெம் மேசன், உடையில் படு ஷோக்குப் பேர்வழி. ஆனால் லாட்டரிக்கு மேசனைக் கண்டாலே ஆகாது. பந்தய உடையைப் பார்த்தால் கடிக்க வரும் என்பதால் மேலே ஒரு நீளக் கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டுதான் ஏறுவாராம். ஏறி உட்கார்ந்துவிட்டால் சண்டை முடிந்தது.

ஒழுங்காக ஓடினால் கதை மிஞ்சாது போலிருக்கிறது. பசியோடு ஒரு சிப்ஸ் கடைக்குள் நுழைந்து, கல்லாவில் இருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். “லாட்டரி பத்தித் தெரியுமா?” “பக்கத்துக் கடையில டிக்கெட் கிடைக்கும், லவ்.” அண்ணன் மகள் சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த சிப்ஸ் புரையேறிவிட்டது. நான் குதிரை என்று விளக்கினேன். “ஓ, குதிரையா! ரெட் ரம்!” என்று ஆரம்பித்தார். 1973, 74, 77 என்று மூன்று முறை ஜெயித்த குதிரை, சவுத்போர்ட் கடற்கரை மணலில் பயிற்சி எடுத்தது, மைதானத்தில் வெற்றிக் கோட்டின் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். அவருடைய அப்பா மூன்று தடவையும் அதன் மேல் கட்டினாராம். எண்ணெயில் மீன் வெந்துகொண்டிருக்க, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு வருடத்தின் கடைசித் தாண்டலையும் வர்ணித்தார். பெச்சரையும் தெரிந்திருந்தது. லாட்டரி? உதட்டைப் பிதுக்கினார். மீன், சிப்ஸ், பட்டாணி மசியல் பத்தரை பவுண்ட். எங்கள் தட்டில் மட்டும் மீன் கொஞ்சம் பெரிதாக வந்த மாதிரி இருந்தது.

பிற்பகல் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய்க் கரை. ஓடுபாதையின் ஒரு பக்கம் இந்தக் கால்வாயை ஒட்டியே போகிறது. ‘கால்வாய்த் திருப்பம்’ என்ற தடையில் குதிரைகள் தாண்டிய வேகத்திலேயே இடப்பக்கம் செங்கோணமாகத் திரும்ப வேண்டும். மழையில் ஊறிய களிமண், வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு குட்டையை நான் தாண்டப் பார்த்தேன். வலது கால் தாண்டிவிட்டது, இடது கால் கணுக்கால் வரை உள்ளே. இழுத்தால் கால் மட்டும் வருகிறது, ஷூ வரவில்லை.

“கேப்டன், பிராந்தி வேணுமா?” என்றாள் அண்ணன் மகள்.

நாயோடு வந்த ஒருவர் நின்று, தன் கைத்தடியைக் கொடுத்தார், ஷூவை நெம்பி எடுத்தோம். எதற்கு இந்தக் குளிரில் இங்கே என்று கேட்டார். இன்று அந்தப் பந்தயம் நடந்த தேதி என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேலிக்கு அப்பால் கையை நீட்டி எந்தப் பக்கம் பெச்சர்ஸ், எந்தப் பக்கம் வாலன்டைன்ஸ் என்ற இன்னொரு தடை என்று காட்டினார். பெச்சர்ஸ் முன்பு போல் இல்லை என்று ஒரே அங்கலாய்ப்பு. 1989இல் அங்கே இரண்டு குதிரைகள் செத்த பிறகு ஓடையைத் தூர்த்து, அக்கரைச் சரிவைக் குறைத்துவிட்டார்கள். 2024 முதல் 40 குதிரைக்குப் பதில் 34தான். ‘பழைய நேஷனல் இல்லை’ என்று அவருக்கு மனக்குறை. எனக்கு அந்தக் குறை இல்லை. அரை மணி முன்னால் சேறு எப்படிப் பிடிக்கும் என்று என் கால் பார்த்திருக்கிறது. அதில் முதுகில் 76 கிலோவோடு ஐந்தடிச் சுவரைத் தாண்டச் சொல்வது நியாயமில்லை. அந்தச் சுவரில் அடுத்த வருடமே, 1840இல், லாட்டரியும் விழுந்தது. பிறகு சுவரே எடுக்கப்பட்டது.

ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. திரும்பும்போது ரயில் ஓடியது.

பிப்ரவரி 27, வெள்ளி: மகல்

தொண்டை கட்டிவிட்டது. ஷூ ஈரம் காயாததால் அண்ணன் மகளின் அறை ரேடியேட்டரில் வைத்துவிட்டு, அவள் தோழி ஒருத்தியின் அண்ணனுடைய ரப்பர் பூட்ஸை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு எய்ன்ட்ரீயைத் தாண்டி அதே ரயில் பாதையில் மகல் போனேன். தனியாகத்தான், அவளுக்கு வகுப்பு.

காரணம் ஒரு பழைய வழக்கு. 1836, 37, 38 பந்தயங்களை ‘கிராண்ட் நேஷனல்’ கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றில் சில மகலில் நடந்தன என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். இல்லை, எல்லாமே எய்ன்ட்ரீதான் என்பது பிற்கால ஆய்வாளர்கள் கட்சி. எய்ன்ட்ரீயில் நடந்தவை என்றால் அவற்றைப் பட்டியலில் இருந்து தள்ளிவைக்க என்ன நியாயம்? 1836இல் டியூக் என்ற குதிரையில் ஏறி ஜெயித்தவர் யார் தெரியுமா? அதே கேப்டன் பெச்சர். ஓடையில் விழுந்தது பெயராக நின்றது, ஜெயித்தது பட்டியலுக்கு வெளியே போய்விட்டது.

மகலில் பார்க்க ஒன்றும் இல்லை. வீடுகள், கால்வாய், வாத்து. ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, மார்ச்சில் வரும் செல்டன்ஹாம் பந்தயங்களுக்குப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மெல்ல வாயைத் திறந்தேன். ஒருவர் பேனாவை வைத்துவிட்டார்.

“பந்தயம் இங்கேதான் நடந்தது. என் தாத்தா சொன்னார்.”

“உன் தாத்தா நிறைய சொன்னார்” என்றார் மற்றவர்.

ஆனால் பேனாவை வைத்தவருக்கு லாட்டரியைத் தெரிந்திருந்தது! மூன்று நாளில் முதல் ஆள். அது ஜெயித்து ஜெயித்து மற்றவர்களுக்குப் பிழைப்பே போய்விட்டதால் ஹார்ன்காஸ்ல் என்ற ஊரில் ‘லாட்டரி தவிர எல்லாக் குதிரைகளும் கலந்துகொள்ளலாம்’ என்று பந்தயமே வைத்தார்கள். அந்தக் கதையை நான் படித்திருந்தேன், ஆனாலும் முழுவதும் சொல்லவிட்டேன். சொல்லி முடித்து மேசையைத் தட்டினார், டீ சிந்தியது. என் டீக்கும் பழ கேக்குக்கும் நாலரை பவுண்ட். நான் எழுந்து கல்லாவுக்குப் போவதற்குள் அவர் கட்டிவிட்டார். மறுத்தேன். “செல்டன்ஹாமில் ஜெயித்தால் சரியாகிவிடும்” என்றார். “அவன் ஜெயித்ததே இல்லை” என்றார் மற்றவர்.

இந்தப் பேச்சில் ஒரு ரயிலை விட்டேன். பிளாட்பாரத்தில் காத்திருந்தபோது அண்ணன் மகளிடமிருந்து போன். ரேடியேட்டர் சூட்டில் ஷூவின் பசை இளகி அடிப்பாகம் தனியாக வந்துவிட்டதாம். அந்த அண்ணனுக்கு நாளைக் காலை பூட்ஸ் வேண்டுமாம். நாளை மான்செஸ்டருக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது என்று இன்னும் முடிவாகவில்லை.